மாசி மகமும் மாவுக்கட்டும்

தேவனேரி
9.1.1974

அன்புள்ள அண்ணனுக்கு வச்சலா எழுதுவது.

உறுதியான செய்தி: சொர்ணத்தின் இடது தொடை எலும்பு இடுப்புக் குழியில் உட்காரவில்லை. பிறவியிலேயே அப்படி. சொன்னவர் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர். நேற்று காலை பதினொரு மணிக்கு, எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நீ கேட்டுக்கொண்டபடியே தொடங்கிவிட்டேன், போதுமா? போர்ட் பிளேர் துறைமுகத்தில் கொடியும் விளக்கும் காட்டிக் கப்பல்களோடு பேசுகிற உத்தியோகம் கிடைத்ததிலிருந்து உனக்கு என் கடிதங்கள் பிடிப்பதில்லை. "மூன்று பக்கம் அழுகிறாய், என்ன நடந்தது என்று மட்டும் சொல்வதில்லை. முதலில் உறுதியானதை எழுது, யார் சொன்னது என்று எழுது, கடைசியில் பாக்கி என்ன, எப்போது என்று எழுது" என்றாய். சரி. நடுவில் நான் என் இஷ்டத்துக்கு எழுதுவேன்.

நாங்கள் சுகம். உன் வயிற்று வலி தேவலையா?

முதலில் கவனித்தது நான்தான். குளிப்பாட்டும்போது வலது தொடையில் இரண்டு மடிப்பு, இடது தொடையில் மூன்று. கால் விரித்தால் வலது பக்கம் தாராளமாகப் போகிறது, இடது பக்கம் பாதியில் நிற்கிறது. மகாபலிபுரத்தில் ஊசி போட வந்த மேரி சிஸ்டரிடம் காட்டினேன். அவர் இரண்டு தொடையையும் பிடித்து மெல்ல விரித்தார். உள்ளே 'டக்' என்றது. அவர் முகம் மாறியது. உடனே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் நல்ல மனிதர். "உங்க வீட்ல ஆட்டுக்கல் இருக்கா? குழவி குழியில உக்காந்தாதானே அரைபடும்? இவளுக்குக் குழி தட்டையா இருக்கு, குழவி வெளியே நிக்குது. உள்ளே தள்ளி அசையாம கட்டி வெச்சா குழி தானா ஆழமாகும்" என்றார்.

உன் மச்சான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா டாக்டரு, எம் பொண்ணு சென்னாகுன்னி இறா மாதிரி இத்துனூண்டு கீறா. நடப்பாளா, அத்த சொல்லு" என்றார்.

"நடப்பா. ஆறு மாசம் ஆகறதுக்குள்ள கொண்டுவந்தது நல்லது. ஆனா கட்டு குலையக் கூடாது. எலும்பு மறுபடி நழுவினா பெரிய ஆபரேஷன்தான். அப்புறமும் விந்தி விந்திதான் நடப்பா."

தலைப்பிள்ளை, பெண், அதிலும் தலைக்குப் பதில் இடுப்பு முன்னால் வந்து பிறந்தவள். இப்படிப்பட்டவர்களுக்கு வருவது உண்டாம். யார் தப்பும் இல்லை என்று இரண்டு முறை சொன்னார். பக்கத்து வீட்டு வேண்டாவுக்கு அது போதவில்லை. "மாசமா இருக்கச்சொல்ல இன்னாத்த மிதிச்ச?" என்று தினமும் கேட்கிறாள். ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள்.

பாக்கி: இம்மாதம் 30ஆம் தேதி மயக்க மருந்து கொடுத்து எலும்பை உள்ளே வைத்து மாவுக்கட்டு போடுவது. நீ எப்போது வருவாய் என்பதும் பாக்கி. அதற்குத் தேதி உன்னிடம்தான் இருக்கிறது.

உன் தங்கை,
வச்சலா

*

போர்ட் பிளேர்
26.1.1974

அருமைத் தங்கைக்கு,

உன் கடிதம் 24ஆம் தேதி மாலை கப்பலில் வந்தது. இவ்வளவு தெளிவான கடிதம் நம் வீட்டிலிருந்து இதுவரை வந்ததில்லை. இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்கும்போது கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. இங்கே காற்றில் ஈரம் அதிகம்.

உறுதியான செய்தி என்னிடமும் ஒன்று உண்டு. இங்குள்ள ஆஸ்பத்திரி டாக்டரிடம் உன் கடிதத்தின் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். "உங்க டாக்டர் சொன்னது சரி. இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சது உங்க தங்கையோட கெட்டிக்காரத்தனம்" என்றார். இதை வேண்டாவிடம் வாசித்துக் காட்டு. பட்டியலைச் சுருட்டி வைக்கட்டும்.

உடம்பு நன்றாக இருக்கிறது. வயிறு கரையில் இருக்கும்வரை கோளாறு செய்வதில்லை.

விடுமுறை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று. காது குத்துவது என் மடியில்தான். மாமன் மடி இங்கே சும்மா இருக்கிறது. நான் வராமல் யாரும் ஊசியைத் தொடக்கூடாது.

பாக்கி: 30ஆம் தேதி என்ன ஆயிற்று என்பது. அடுத்த கப்பலுக்குள் எழுது.

அண்ணன்,
நீலமேகம்

*

தேவனேரி
6.2.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

உறுதியான செய்தி: 30ஆம் தேதி காலை கட்டு போட்டாகிவிட்டது. எலும்பு குழிக்குள் இருக்கிறது. டாக்டரே வெளியே வந்து சொன்னார். படத்தையும் காட்டினார், இந்த முறை எனக்கே தெரிந்தது.

எல்லோரும் சுகம். சொர்ணமும் சுகம். பார்த்தால் நீ சிரிப்பாய். மார்புக்குக் கீழே தொடங்கி இரண்டு கணுக்கால் வரை வெள்ளை மாவுக்கட்டு. முழங்கால் மடிந்து, தொடை இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, அசல் தவளை. வேண்டா பார்த்த உடனே, "நான் சொல்லல? நீ தவளையத்தான் மிதிச்சிகீற!" என்று கையைத் தட்டினாள். பட்டியலில் கடைசியாக ஒன்று தேறிவிட்டதில் அவளுக்குப் பரம திருப்தி. நானும் சிரித்துவிட்டேன்.

இடுப்பில் உட்கார வைத்தால் அச்சில் வார்த்தது போல் பொருந்துகிறாள். டாக்டர் அதைத்தான் வைத்துக்கொள்ளச் சொன்னார். "நீங்க எல்லாம் இடுப்புல தூக்கறீங்களே, அதுவே நல்ல வைத்தியம்" என்றார்.

தூளிதான் தொல்லை. புடவைத் தூளியில் போட்டால் துணி இரண்டு பக்கமும் நெருக்கும். அதனால் தூளியே கூடாது என்றுவிட்டார்கள். இவளோ தூளி இல்லாமல் தூங்குவதில்லை. முதல் இரண்டு நாள் தெருவே தூங்கவில்லை. மூன்றாம் நாள் உன் மச்சான் கடலுக்குப் போகவில்லை. பிரம்பை வளைத்துப் பெரிய வட்டமாகக் கட்டினார். பழைய வலையை அதில் முடிந்து, நடுவில் லேசாகத் தொய்ய விட்டு, விட்டத்தில் தொங்கவிட்டார். பழந்துணி விரித்துத் தவளையைப் படுக்க வைத்தோம். கால் இரண்டும் தாராளமாகக் கிடந்தது. ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். வலையில் நெத்திலி வாசம் போகவில்லை. மீனவன் மகளுக்கு அதுவே தாலாட்டு போலிருக்கிறது.

நேற்று கட்டைக் காட்டப் போய் இதை டாக்டரிடம் சொன்னபோது எழுந்து நின்றுவிட்டார். வார்டுக்கு இரண்டு வேண்டுமாம். "நெத்திலி வாசம் இல்லாம செய்ய முடியுமா?" என்று கேட்டார். "புது வலன்னா முடியும் டாக்டரு. ஆனா கொயந்த தூங்கறதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல" என்றார் இவர்.

ஒரே கட்டளை: கட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. ஊறினால் மாவு இளகும், இளகினால் எலும்பு நழுவும். ஈரத்துணியால் முகமும் கையும் துடைப்பதோடு சரி. பாவம், அவள் தன் கட்டைத் தானே தட்டித் தாளம் போடுகிறாள்.

பாக்கி: மார்ச் 13ஆம் தேதி கட்டைப் பிரித்துப் பார்த்து மறுகட்டு. அதுவரை தண்ணீருக்கும் எங்களுக்கும் சண்டை.

வச்சலா

*

போர்ட் பிளேர்
22.2.1974

அருமைத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். வங்காளி நண்பர் ஒருவருக்கு இந்தியில் சொல்ல வேண்டியதாயிற்று. நெத்திலிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அரை மணி நேரம் போயிற்று. மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல். அவன் கைக்கு வலை முடியத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எல்லோரும் நலந்தானே? இங்கே குறையில்லை.

ஒரு எச்சரிக்கை. மாசி மகம் வருகிறது. பிறந்த பிள்ளைக்கு முதல் மாசி மகத்தில் அலையில் கால் நனைத்துக் கடலுக்கு முகம் காட்டுவது நம் குப்பத்து வழக்கம். இந்த வருடம் வேண்டாம். யார் சொன்னாலும் கேட்காதே. அன்று குழந்தையை மணலுக்கே கொண்டுபோகாதே. உன்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மச்சானைப் பற்றித்தான். சாமி தூக்கும் உற்சாகத்தில் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது.

பாக்கி: என் விடுமுறை. மேலிடத்திலிருந்து பதில் இல்லை.

நீலமேகம்

*

தேவனேரி
11.3.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

உறுதியான செய்தி: எலும்பு நழுவவில்லை. டாக்டர் 7ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு, புதுப்படத்தைப் பார்த்துச் சொன்னார்.

கட்டு நனைந்துவிட்டது. மாசி மகத்தன்று காலை. பிற்பகல் பஸ்ஸில் செங்கல்பட்டு போனோம். இடுப்பருகே மாவு கூழாகியிருந்தது. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி மயக்க மருந்து கொடுத்துப் புதுக்கட்டு போட்டார்கள். போன ஐந்து வாரமும் கணக்கில் இல்லை. அன்றிலிருந்து மறுபடி ஆறு வாரம் எண்ண வேண்டும். "இன்னும் ஒரு நாள் கழிச்சு வந்திருந்தா நான் உறுதி சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

யார் நனைத்தது என்று கேட்டார். உன் மச்சான், "நான்தான் டாக்டரு" என்றார்.

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. கப்பல் தாமதமாம்.

குழந்தை சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பாக்கி: ஏப்ரல் 18ஆம் தேதி கட்டு பிரிப்பது.

வச்சலா

*

போர்ட் பிளேர்
27.3.1974

மச்சான் காத்தவராயனுக்கு நீலமேகம் எழுதுவது.

உனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் இதை வச்சலாதான் படிப்பாள். வச்சலா, ஒரு வரியும் விடாமல், சத்தமாகப் படி.

மச்சான், நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை. கட்டுமரத்தைக் கரையேற்றினால் கட்டை நாலையும் பிரித்து வெயிலில் காயப் போடுகிறாய். ஊறின மரம் மிதக்காது என்று தெரிந்தவன். ஊறின மாவு நிற்காது என்று தெரியாதா? மரத்துக்குக் காட்டுகிற அறிவைப் பெற்ற பெண்ணுக்குக் காட்டக்கூடாதா? உன்னைவிட உன் கட்டுமரத்துக்கு விவரம் அதிகம். சாமியைத் தோளில் வைத்தால் போதாது, கொஞ்சம் மண்டையிலும் வைக்க வேண்டும்.

அந்தக் குழந்தை விந்தினால், ஒவ்வொரு அடிக்கும் உன்னைத்தான் நினைப்பேன். இதற்கு மேல் எழுதினால் நம் உறவு கெடும். சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். அதனால் நிறுத்துகிறேன்.

என் தங்கை உன்மேல் ஒரு வார்த்தை குறை எழுதவில்லை. அதையும் தெரிந்துகொள்.

நீலமேகம்

*

தேவனேரி
16.4.1974

மதிப்பிற்குரிய நீலமேகம் அவர்களுக்கு. இது உங்கள் மச்சான் காத்தவராயன் சொல்லச்சொல்ல எழுதப்படுகிறது. எழுதுகிறவன் மகாபலிபுரம் தபால்காரன் ஏசுதாஸ். அவர் வாயிலிருந்து வருவதை மாற்றாமல் எழுதுகிறேன். மாற்றினால் தெரிந்துகொள்வாராம்.

"மச்சான், சொகமா கீறியா? இங்க எல்லாரும் சொகம். உன் லெட்டர் வந்துச்சி. உன் தங்கச்சி படிச்சா. கட்டுமரத்துக்கு என்னவிட விவரம்னு சொன்னியே, அத்த கேட்டு வேண்டா சிரிச்ச சிரிப்புல மூணு காக்கா பறந்துபோச்சி. நானும் சிரிச்சேன். நல்லா எய்தற மச்சான்.

ஆனா உன் தங்கச்சி மூணு எடத்துல நிறுத்திட்டா. தொண்ட கட்டிகிச்சாம். அப்பால அன்னிக்கி அவ சோறு துன்னல. அதனால இனிமே திட்றதுன்னா நேர்ல வந்து திட்டு. லெட்டர்ல வேணாம். லெட்டர்ல திட்னா எனக்கு மின்ன அவளுக்குப் பட்டுபூடுது.

நனைச்சது நான்தான். ஆச, அவ்ளோதான். அல வந்துச்சி, நனைஞ்சிச்சி. இதுக்கு மேல இன்னா கேக்கப் போற?

கொயந்த நல்லாகீறா. நாளன்னிக்கி கட்டு பிரிக்கறாங்க. புது வலத் தூளி ரெண்டு முடிஞ்சி வெச்சிகீறேன், எடுத்துகினு போறேன். வார்டுல போன தபா குடுத்ததுக்கு சண்டையாம். மூணு கொயந்தைங்க, ரெண்டு தூளி.

நீ எப்போ வர? ஒவ்வொரு லெட்டர்லயும் அத்த மட்டும் பாக்கின்னு போட்டுகினே கீற. மூணு வருசமா பாக்கி."

இத்துடன் அவர் சொன்னது முடிந்தது. கைநாட்டு வைத்திருக்கிறார். மை அதிகமாகிவிட்டது, மன்னிக்கவும்.

ஏசுதாஸ்

*

தேவனேரி
20.4.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

உறுதியான செய்தி: கட்டை நனைத்தது நான். சொல்வதும் நான்தான்.

உன் விதிப்படி எழுதியே உன்னை ஏமாற்றினேன். 'யார் நனைத்தது என்று கேட்டார், இவர் நான்தான் என்றார்' என்று எழுதினேனே, அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அப்படி எழுத முடிகிறதே என்று எனக்கே பயமாக இருந்தது.

மாசி மகத்துக்கு முந்தின நாளே இவர் சொல்லிவிட்டார். "கடல் எங்கியும் ஓடிடாது. அட்த்த வருசம் காட்டிக்கலாம்." விடியும்போது அம்மனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் கிளம்பினார்கள். பல்லக்கின் முன்கொம்பு இவர் தோளில். நான் குழந்தையோடு வாசலில் நின்றேன். மற்ற பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலைக்குப் போனார்கள். ஒவ்வொரு பிள்ளையாக வீரிட்டது, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ஒரே நினைப்பு. இவர் தினமும் அந்தக் கடல்மேல்தான் போகிறார். நாலு கட்டை, ஒரு துடுப்பு. பிள்ளையைக் கொண்டுவந்து காட்டாதவன் என்று கடல் இவரை நினைத்துவிட்டால்? படித்தவள்தானே என்பாய். பத்தாவது வரை படித்தேன். அதில் இதற்குப் பதில் இல்லை.

கட்டுக்கு வெளியே பாதம் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வலது கட்டைவிரலை மட்டும் அலையில் தொட்டு எடுத்தால் போதும் என்று போனேன். இரண்டு சின்ன அலை வந்தது, எட்டவில்லை. ஓரடி முன்னால் வைத்துக் குனிந்தேன். அடுத்தது என் இடுப்புக்கு வந்தது. குழந்தை அழவில்லை, அண்ணா. கெக்கெக்கென்று சிரித்தாள். நான்தான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் நண்பகலில் வந்தார். பார்த்தார். "பஸ்ஸுக்கு டயம் ஆச்சி, வா" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார். டாக்டர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றம் தாண்டி, "ஏன் அப்டி சொன்ன?" என்று கேட்டேன். "உன்னத் திட்னா நீ அங்கியே உக்காந்து அழுவ. நானு தினம் அலகிட்ட அடி வாங்கறவன். எனக்கு இன்னா?" என்றார்.

அதோடு விட்டிருந்தால் சரி. உன் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்ததே! நான் செய்ததற்கு அவரைத் திட்டுகிற கடிதத்தை, அவருக்கு எதிரே உட்கார்ந்து, என் வாயாலேயே. 'ஒவ்வொரு அடிக்கும் உன்னைத்தான் நினைப்பேன்' என்ற இடத்தில் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி நிறுத்தினேன். அதற்குள் குப்பம் முழுக்க, பொண்ணு காலை நனைச்சவன் என்று பெயர். ஏலத்து மணலில் மீன் கூறு கட்டும்போதுகூட அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். இவர் சிரித்துக்கொண்டே போகிறார்.

முந்தாநாள் கட்டு பிரித்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "குழி ஆழமாகுது. நல்லா இருக்கு" என்றார். இவரைப் பார்த்து, "இந்தத் தடவை ஒழுங்கா பாத்துக்கிட்டே" என்றார். இவர் பல்லைக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அன்னைக்கு நனைச்சது நான்தான்" என்றேன்.

டாக்டர் நிமிரவே இல்லை. "தெரியுமே. அன்னைக்கு இவர் வேட்டியில உப்பே இல்ல. உன் புடவை இடுப்பு வரைக்கும் உப்புப் பூத்திருந்தது" என்றார்.

இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "தெரிஞ்சேவா என்னை அவ்ளோ திட்ன?" என்று கேட்டார். "நீதானே கேட்டு வாங்கின" என்றார் டாக்டர்.

நேற்று ஏலத்து மணலில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வேண்டாதான் முதலில், "அப்போ அவனத் திட்ன திட்டெல்லாம் இன்னா பண்றது?" என்றாள். "வெச்சிக்க, எப்பனா வேணும்" என்றார் இவர்.

இனி உனக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீ திட்டு. இந்த முறை நான் நிறுத்தாமல் படிப்பேன்.

பாக்கி: மூன்றாவது கட்டு, கொஞ்சம் சின்னது, ஜூன் 4ஆம் தேதி வரை.

வச்சலா

*

போர்ட் பிளேர்
14.5.1974

அருமைத் தங்கைக்கு,

உறுதியான செய்தி: இன்று காலை பத்து மணிக்கு விடுமுறைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஆதாரம், அலுவலக முத்திரை குத்திய ரசீது, இத்துடன்.

விண்ணப்பம் இன்றுதான் கொடுத்தாயா என்று கேட்பாய். ஆமாம். மூன்று வருடமாகக் கொடுக்கவே இல்லை. 'மேலிடத்திலிருந்து பதில் இல்லை' என்று எழுதினேனே, அதிலும் ஒரு வார்த்தை பொய் இல்லை. கேட்டால்தானே பதில் வரும்? வித்தையை நீ என்னிடம்தான் கற்றிருக்கிறாய்.

காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கப்பல் ஒத்துக்கொள்வதில்லை. 71இல் இங்கே வந்தபோது மெட்ராஸ் துறைமுகம் கண்ணிலிருந்து மறையும் முன்பே வாந்தி எடுக்கத் தொடங்கியவன், போர்ட் பிளேரில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. கூட வந்த ஒரு மார்வாடி எனக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். தேவனேரிக் கட்டுமரக்காரன் மகனுக்கு ஒரு மார்வாடி! 'எந்த ஊர்?' என்று கேட்டார். மதுராந்தகம், நெல் வியாபாரம் என்று சொல்லிவிட்டேன்.

மச்சானின் கடிதத்தைப் படித்தபோதே சந்தேகம் வந்தது. மாசி மகத்தன்று காலை அவன் தோளில் அம்மன் இருந்திருப்பாள், கையில் குழந்தை எப்படி வந்தது என்று உன்னைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் சேர்ப்பதற்குள் உன் கடிதம் வந்தது. கிழித்துப் போட்டேன். சந்தோஷமாகக் கிழித்தேன்.

உன்னைத் திட்டப் போவதில்லை. கடலுக்குப் பயந்து நீ அலைக்குப் போனாய், நான் கப்பலுக்குப் போகவில்லை. யார் யாரைத் திட்டுவது? மச்சானுக்குக் கொடுத்த திட்டை மட்டும் நேரில் வந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதையும் சத்தமாகப் படி. வேண்டா இருக்கும்போது படிக்க வேண்டாம்.

எல்லோர் நலத்தையும் எழுது.

பாக்கி: விடுமுறை உத்தரவு, ஆண்டு முடிவுக்குள். எலுமிச்சம்பழம், எப்போது வேண்டுமானாலும்.

நீலமேகம்

*

தேவனேரி
27.1.1975

அன்புள்ள அண்ணனுக்கு,

உறுதியான செய்தி: உனக்கு விடுமுறை கிடைத்து, பிப்ரவரி 22ஆம் தேதி மெட்ராஸில் இறங்குகிறாய். ஆதாரம் உன் தந்தி. ஏசுதாஸ் சைக்கிளை மணலில் போட்டுவிட்டு ஓடிவந்து கொடுத்தார்.

எல்லோரும் நல்ல சுகம். ஜூனில் கட்டு பிரித்ததையும், கால் இரண்டும் குச்சியாகத் தோல் உரிந்து இருந்ததையும், முதல் நாள் அண்டாவில் குளிக்க வைத்தபோது வெளியே வர மாட்டேன் என்று அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டதையும் முன்பே எழுதியிருக்கிறேன். தொடைக்கு நடுவே வைக்கச் சொன்ன பஞ்சுத் திண்டை அக்டோபரோடு விட்டாகிவிட்டது. தீபாவளிக்குத் தவழ்ந்தாள். மற்ற பிள்ளைகள் நடக்கிற வயதில் இவள் தவழ்கிறாள் என்று வேண்டா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சொல்லவில்லை, அவ்வளவுதான். பொங்கலுக்கு வலைக் குவியலைப் பிடித்து எழுந்து நின்றாள். இப்போது எழுதப் போவது புதிது. ஆனால் இது முழுதாக உறுதியாகவில்லை.

நேற்று நான் மீன் கூடையோடு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போயிருந்தேன். இவர் மணலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மாலை நாலு மணி இருக்குமாம். சொர்ணம் வலையை விட்டுவிட்டு, ஒன்றையும் பிடிக்காமல், இவரை நோக்கி நடந்தாள். பிறகு பொத்தென்று உட்கார்ந்தாள். விந்தினாளா என்று கேட்டேன். "மணல்ல எல்லாரும்தான் ஆடி ஆடி நடப்பாங்க. இவ ஆடல" என்கிறார்.

எத்தனை அடி என்பதில்தான் தகராறு. இவர் மூன்று என்கிறார். வேண்டா தன் வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள். "ரெண்டுதான். மூணாவது விய்ந்தது" என்கிறாள். விழும்போது தூக்கிய காலைக் கணக்கில் சேர்ப்பதா என்று காலையிலிருந்து வாசலில் பஞ்சாயத்து. வேண்டா எனக்குத் தெரிந்து பொய் சொன்னதில்லை. இவர் ஒரு தடவை டாக்டர் முகத்துக்கு நேராகவே பொய் சொன்னவர். உன் விதிப்படி பார்த்தால் நான் இரண்டு என்றுதான் எழுத வேண்டும்.

மூன்று என்று எழுதுகிறேன்.

நெல் வியாபாரி கப்பலில் வருகிறார் என்று இவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். வேண்டா எலுமிச்சம்பழ ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். நான் அவளுக்கு எதுவும் படித்துக் காட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது.

பாக்கி: காது குத்து, உன் மடியில், பிப்ரவரி 24ஆம் தேதி. கடைசி எக்ஸ்ரே மார்ச் 5ஆம் தேதி. இனி வர வேண்டாம் என்று டாக்டர் அன்றைக்குத்தான் சொல்வார். மாசி மகம் பிப்ரவரி 26ஆம் தேதி. அன்று காலை அம்மன் தோளேறுவதற்கு முன்பே இவர் மகளை அலைக்கு அழைத்துப் போகிறார். தூக்கிக்கொண்டு இல்லை, விரலைப் பிடித்து. கடைசி இரண்டு முழத்துக்கு விரலை விட்டுவிடுவாராம். எத்தனை அடி என்று எண்ணுவதற்குப் படித்த ஆள் ஒருவர் கரையில் நிற்க வேண்டும்.

அதுவரை மூன்று என்றே வைத்துக்கொள்.

வச்சலா